சீமாட்டியின் பாதணி

பிரித்தானியாவின் மிக அரிய காட்டு மலர்களுள் ஒன்று ‘லேடிஸ் சிலிப்பர்’ என்னும் ஓர்க்கிட் ஆகும். அதன் மஞ்சள் நிறக் கீழிதழ் சிறு பாதணிபோல் இருப்பதால், ‘சீமாட்டியின் பாதணி’ எனப் பொருள்படும் இப்பெயரைப் பெற்றது. வட இங்கிலாந்தின் சுண்ணக்கல் நிலங்களில் வளர்ந்த இச்செடியை, அழகில் மயங்கியோர் தம் தோட்டங்களுக்காகவும் விற்பனைக்காகவும் வேரோடு அகழ்ந்தனர். 1917இல் அது அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1930இல் யோர்க்‌ஷயரில் ஒரேயொரு செடி காணப்பட்டது. அவ்விடம் பல்லாண்டுகள் இரகசியமாகக் காக்கப்பட்டது.

விதையிலிருந்து இதனை வளர்ப்பது ஏன் கடினம்? நெல்மணி தன்னுள்ளே உணவைச் சேர்த்து வைத்திருக்கின்றது. தூசி போன்ற ஓர்க்கிட் விதையில் அவ்வுணவு இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினாலன்றி அது இயற்கையில் முளையாது. 1983இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், கியூ தாவரவியற் பூங்கா அறிஞர்கள் கிருமி நீக்கிய குடுவைகளில் ஊட்டக்கூழிட்டு விதைகளை முளைக்கச் செய்தனர். 1989 முதல் நாற்றுகள் காட்டில் நடப்பட்டன. முதல் மலரைக் காண 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இல்ஃபோர்டில் நம் வீட்டுத் தோட்டத்திலும் இதனை வளர்க்க முயலலாம். நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடியையே வாங்குவோம். இளநிழலில், நீர் தேங்காத சுண்ணாம்பு மண்ணில், இலையுதிர்காலத்தில் நடுவோம். மண் காயாமலும், நத்தைகள் தளிரை உண்ணாமலும் காப்போம். குளிர்காலத்தில் தண்டு மடிந்தால் செடி இறந்ததென்று தோண்டலாகாது. நிலத்தடியில் உறங்கி இளவேனிலில் மீண்டும் தளிர்க்கும்.

மாணவர்களே! காட்டில் உள்ளதைப் பறிப்பதும் பிடுங்குவதும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். அங்கே கண்டு மகிழ்வோம்; கைவையாதிருப்போம்.