சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது. முதலில் ஒரு கண் சிவந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஓரிரு நாளில் மற்ற கண்ணும் சேர்ந்துகொள்ளும். நீர் வடியும், சிலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். நோயாளியைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது வெறும் பயம். தொற்றுவது கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், பரவலைத் தடுக்காது.

இதற்குக் குளிர்ந்த ஒத்தடமும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் போதும். 1 முதல் 3 வாரத்தில் தானாக அடங்கும். ஆன்டிபயாட்டிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. மஞ்சளாகப் பீளை தள்ளி, காலையில் இமை திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா தொற்றுக்குத்தான் அது பயன்படும். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஒரு முறை துடைத்த பஞ்சை மறுபடி தொடக்கூடாது.

இமை ஓரத்துச் சுரப்பியில் வரும் கண்கட்டிக்கு நேர்மாறாக வெந்நீர் ஒத்தடம்: தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பிதுக்கக்கூடாது.

உண்மையில் பயப்பட வேண்டியது கருவிழிப் புண்ணுக்கு. அறுவடையில் நெல் தாள் கீறினாலோ தூற்றும்போது உமி பட்டாலோ, அந்தச் சிறு கீறல் வழியாக ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் புகுந்துவிடும். சில நாள் கழித்து வலி, கூச்சம், மங்கல். கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி. இந்த நிலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டுதான் பெரிய வினை. சிவப்பு சட்டென வடியும், ஆள் நிம்மதியாக வயலுக்குப் போவார். பூஞ்சையோ உள்ளே ஆழமாக இறங்கும். தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுவதும் இதே ரகம். மருத்துவர் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சை என்றால் 5 சதவீத நாட்டாமைசின் சொட்டு தருவார். தொடக்கத்தில் மணிக்கொரு தடவை, பிறகு வாரக்கணக்கில் விட வேண்டும். ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும்.

கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவோருக்கு அகந்தமீபா என்ற அமீபா தொற்றலாம். சிகிச்சை பல மாதம் இழுக்கும்.

பிறந்த சில நாளில் குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்தால், பிரசவத்தில் தாயிடமிருந்து வந்த கொனோரியா அல்லது கிளமீடியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். அப்படி உறுதியானால் தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்தே மருந்து.