சாடிச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது?

"வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்?" வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். எமது வகுப்பறை யன்னலோரத்தில் ஆறு சாடிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென ஒரு பட்டியலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. திங்கள் ஒருவர், செவ்வாய் இன்னொருவர் என்று ஐந்து நாட்களுக்கும் ஐந்து பெயர்கள். அன்பினால் போடப்பட்ட பட்டியல்தான். எனினும், உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில், அதைக் கழற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். தண்ணீர் எப்போது வேண்டும் என்பதை நாட்காட்டியிடம் கேட்பதில் பயனில்லை. மண்ணிடம் கேட்க வேண்டும்.

இதற்கான காரணம் வேரில் இருக்கிறது. இலை ஒட்சிசனை வெளிவிடுகிறது என்பதைச் சிறு வகுப்பிலேயே பாடமாக்கிக்கொள்கிறோம். வேரும் சுவாசிக்கிறது, அதற்கும் ஒட்சிசன் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். மண் துணிக்கைகளுக்கு இடையே சிறிதும் பெரிதுமாக இடைவெளிகள் உண்டு. நல்ல மண்ணில் சிறிய இடைவெளிகளில் நீரும் பெரியவற்றில் வளியும் இருக்கும். ஈரம் காயுமுன்னே மீண்டும் மீண்டும் ஊற்றினால் வளி இருந்த இடத்தையும் நீர் பிடித்துக்கொள்ளும். வளியினூடாகப் பரவுவதைவிட நீரினூடாக ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. அந்நிலையில் வேர் மூச்சுத் திணறி இறக்கத் தொடங்கும். நலிந்த வேரைப் பிதியம், பைற்றொப்தோரா போன்ற நுண்ணங்கிகள் தாக்கி அழுகச் செய்யும். தோட்டத்து நிலத்தில் மேலதிக நீர் ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும். சாடியில் அது இறங்க இடமில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் போதாத செடி வாடும். வேர் அழுகிய செடியும் அதேபோல வாடும், ஏனெனில் இறந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாடியதைக் கண்டவுடன் வாளியைத் தூக்குகிறவர் இரண்டாவது வகைச் செடிக்கு இறுதிக் கிரியையே செய்துவிடுகிறார்! ஆகவே வாடிய செடியைக் கண்டால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், செடியை மெதுவாகச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ வெளிறியோ, உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாகி, பிடித்தால் நசிந்து, கெட்ட மணம் வீசும். அழுகியதை வெட்டிவிட்டுப் புதிய கலவையில் நட்டால் சிலவேளை பிழைக்கும். மணி பிளான்ட் என்றால் கவலை குறைவு. கணுவோடு சேர்த்து ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் புதிதாக வேர் விடும்.

மண்ணிடம் எப்படிக் கேட்பது? விரலை இரண்டாவது மூட்டு வரை, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செலுத்திப் பாருங்கள். மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அது எப்போதும் முதலில் காய்வது. நகத்தில் மண் புகும் என்று தயங்குபவர்களுக்கு என் உம்மம்மாவின் வழி ஒன்றுண்டு. விளக்குமாற்றிலிருந்து ஒரு காய்ந்த ஈர்க்கை உருவி, சாடியின் விளிம்போரமாக அடிவரை குத்தி, சற்று நேரம் கழித்து எடுப்பார். ஈர்க்கில் மண் ஒட்டி, நிறம் கறுத்து வந்தால் அன்று தண்ணீர் இல்லை. சிறிய சாடிக்கு இன்னும் இலகுவான வழி, தூக்கிப் பார்ப்பது. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். நன்றாக ஊற்றியவுடன் ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பழகினால் கையே சொல்லிவிடும்.

எவ்வளவு காய விடுவது என்பது செடியைப் பொறுத்தது. எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் மூன்று செடிகளையே எடுத்துக்கொள்வோம். அந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரக் காடுகளில் மரங்களின் மீதும் வளர்வது. அதன் தடித்த வேர்களுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். அதனால்தான் எமது பெண்கள் அதைத் தும்பு, தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு கலந்து நடுகிறார்கள். மேற்பகுதி காய்ந்ததும் ஊற்றலாம். முழுவதும் காய விடக் கூடாது. மணி பிளான்டுக்கு மேல் 5 சென்ரிமீற்றர் நன்கு காய வேண்டும். பாம்புச் செடிக்கோ சாடி முழுவதுமே காயலாம். அதன் இலைவாய்கள் பெரும்பாலும் இரவில் திறப்பதால் பகல் வெயிலில் அது நீரை இழப்பது மிகக் குறைவு. அதன் உறவான மரல் எமது நாட்டு வரண்ட வலயத்தில் தானாகவே வளர்கிறது; அதன் விஞ்ஞானப் பெயரிலுள்ள 'செய்லானிக்கா' எமது நாட்டைக் குறிப்பது. பற்றைக்குள் அதற்கு யார் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினார்கள்?

காலமும் கணக்கை மாற்றும். நாங்கள் கிழக்குக் கரையில் இருப்பவர்கள். மாரி மழைக் காலத்தில் எங்கள் வீட்டு மணி பிளான்டின் மண் காய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். ஜூன், ஜூலையில் மலைநாட்டைத் தாண்டி வரண்டு வரும் கச்சான் காற்று வீசும்போது அதே சாடி மூன்று நாளில் காய்ந்துவிடும். ஆவியுயிர்ப்பு கூடுவதே காரணம். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள சாடிக்கும் இதே கதிதான். மண் சாடி பக்கச் சுவர்களாலும் நீரை ஆவியாக்கும், பிளாஸ்டிக் சாடி அப்படிச் செய்யாது. இத்தனையும் மாறும்போது சுவரில் ஒட்டிய பட்டியல் மட்டும் மாறாமல் இருந்தால் எப்படிச் சரிவரும்?

ஊற்றுவதென்று முடிவானபின் கஞ்சத்தனம் வேண்டாம். நாளுக்கு அரைக் குவளை தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து, அடிவேர் காய்ந்தே கிடக்கும். காலை வேளையில், சாடியைச் சுற்றி மெதுவாக, அடித்துளையால் நீர் வடியும்வரை ஊற்றுங்கள். மண்ணில் சேர்ந்த உப்புகளும் அதனோடு கழுவிப்போகும். ஊற்றிய உடனேயே தண்ணீர் விறுவிறென்று வெளியே வந்தால் மகிழ வேண்டாம். மண் மிகக் காய்ந்து சுருங்கி, சாடிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் வெடிப்பு விழுந்திருக்கும். நீர் அதனூடாக ஓடியிருக்கும். அத்தகைய சாடியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, பின்னர் வடிய விடுங்கள். துளையில்லாத அலங்காரச் சாடிகளில் நேரடியாக நடுவதை நான் விரும்புவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். அடியில் கல்லிட்டால் துளை தேவையில்லை என்பார்கள். அப்படிச் செய்தால் நீர் கல்லுக்குள் தேங்கி, ஈரமான மண் வேருக்கு இன்னும் அருகில்தான் வரும்.

வடிந்த நீர் சேரும் தட்டைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு அந்தச் சிறு தட்டு போதும். வெப்பமான எமது சூழலில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் வரை போதுமானவை. ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்தாலும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த தடவை நீர் பட்டதும் பொரிக்கும். எனவே வாரம் ஒருமுறை தும்பால் தேய்த்துக் கழுவுவது அவசியம். போத்தலில் மணி பிளான்ட் வைத்திருப்போரும் நீரை மாற்றும்போது உட்புறத்தைத் தேய்க்க வேண்டும்.

இனி நோன்பு கால விடுமுறை வருகிறது. வகுப்பறை பூட்டப்பட்டால் வாரக்கணக்கில் எவரும் உள்ளே வரமாட்டார்கள். விடுமுறைக்கு முதல்நாள் தட்டு நிறையத் தண்ணீர் விட்டுச் செல்லும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. தங்கைமாரே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லாச் சாடிகளுக்கும் நன்றாக ஊற்றி, வடிய விட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். யன்னல் வெயில் படாத மூலையில் சாடிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஈரம் மெதுவாகவே குறையும். பாம்புச் செடியும் மணி பிளான்டும் இதைத் தாங்கும். அந்தூரியம் தாங்காது. அந்த இரண்டு சாடிகளையும் பக்கத்தில் வீடுள்ள இருவர் கையோடு கொண்டு போய்விடுங்கள். போகும்போது ஒரு ஈர்க்கையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.