எதுவரை போகும் என்று சொல்லிவிடு

உளுந்தூர்பேட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

அக்கா போனில் சொன்னதைப் போன ஞாயிற்றுக்கிழமை நேரிலும் பார்த்தேன். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, அதில் கம்ப்ரசரையும் ஜாக்கியையும் ஏற்றி, ‘நின்ற இடத்திலேயே பஞ்சர் போடப்படும்’ என்று பின்பக்கம் எழுதியும் விட்டாய். சந்தோஷம். இரண்டு வருஷம் என்னிடம் எடுபிடியாக நின்றவன் நீ. ஆனால் கடையில் பார்த்ததை அப்படியே ரோட்டில் செய்ய முடியாது, மாப்ளே. என் கடைக்கு வண்டி வருகிறது. தொட்டி நிறையத் தண்ணீர், டயர் கழற்றும் மெஷின், தலைக்கு மேலே டியூப்லைட், பக்கத்திலேயே டீக்கடை. நீயோ வண்டியைத் தேடிப் போகிறாய். அங்கே இருப்பது செல்போன் வெளிச்சமும், சட்டையை இழுத்துக்கொண்டு போகிற ஆம்னி பஸ் காற்றும்தான். உன்னைப் போல நாலுவழிச் சாலையில் இறங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் டயரைப் பார்க்காதே, வண்டி நிற்கிற இடத்தைப் பார். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு நொடியில் 28 மீட்டர் தாண்டிவிடும். எச்சரிக்கை முக்கோணத்தை நீ 50 மீட்டரில் வைத்தால், வருகிறவனுக்கு யோசிக்க முழுதாக இரண்டு நொடிகூடக் கிடையாது. நூறு தப்படி எண்ணி நடந்து வை. வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்னால் வை. உள்ளே இருப்பவர்களை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல். பஞ்சர் ஆனது டிரைவர் பக்கத்துச் சக்கரம் என்றால், ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் நீ உட்கார வேண்டும். அப்படி உட்காராதே. வண்டியை மெல்ல உருட்டி மண்ணுக்கு இறக்கச் சொல். “டயர் வீணாகிடும்ணே” என்பார்கள். ஆகட்டும். டயருக்கு மாற்று டயர் கடையில் கிடைக்கும். உன் முதுகுக்கு ஸ்டெப்னி கிடையாது. இறக்கவே முடியாத இடம் என்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடி. அவர்கள் வண்டி வந்து பின்னால் நின்ற பிறகு கையில் ஸ்பேனரை எடு.

அடுத்து மூன்று கேள்வி. எங்கே போக வேண்டும்? வண்டியில் எத்தனை பேர், எவ்வளவு சாமான்? காற்று இறங்கியது தெரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் எல்லோரும் பொய் சொல்வார்கள். “இதோ, இப்பத்தான் நிறுத்தினேன்” என்பார்கள். டயரின் பக்கச் சுவரை விரலால் சுற்றித் தடவிப் பார். வட்டமாக ஒரு வரி தேய்ந்து, சொரசொரவென்று சூடாக இருந்தால் ரிம் அதன் மேல் ஏறி ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட டயரைக் கடையில் கழற்றிக் கவிழ்த்தால் கறுப்பு ரவை மாதிரி ரப்பர்த்தூள் கொட்டும், பார்த்திருக்கிறாய். உள்ளே நூல் அறுந்த டயர் அது. ஓட்டை சின்னதாக இருக்கலாம். அதை அடைத்துக் காற்றை ஏற்றினால் நிற்கவும் செய்யும். நீ போன பிறகுதான் வெடிக்கும். அந்த டயருக்கு வைத்தியம் பார்க்காதே, ஸ்டெப்னியை மாட்டு.

ஸ்டெப்னி என்று நாம் சொல்கிற சொல் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் மறந்துபோனது, நாம் விடவில்லை. ஆனால் அந்தச் சக்கரமே இப்போது வண்டியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் சென்சாரும், பஞ்சர் கிட்டும் இருந்தால் சிறிய பயணிகள் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள். சில கார்களில் டிக்கியைத் திறந்தால் ஒரு டப்பாவும் கைக்கடக்கமான கம்ப்ரசரும்தான் இருக்கும். சிலவற்றில் ஒல்லியாக ஒரு சக்கரம் இருக்கும். அதன் மேலேயே 80 என்று எழுதியிருக்கும். அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டக்கூடாது. அதை மாட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரை போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சொல்லி அனுப்பு.

ஸ்டெப்னி மாட்டுவது உனக்குத் தெரியும், விரிவாகச் சொல்ல மாட்டேன். ஹேண்ட் பிரேக், குறுக்கு மூலைச் சக்கரத்துக்குக் கல், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்குவது, ஜாக்கி ஏற்றிய பிறகு வண்டிக்கு அடியில் கைகால் நீட்டாமல் இருப்பது, எதிரெதிர் நட்டாக முறுக்குவது. ஒன்றுதான் நீ மறப்பாய்: ஐம்பது கிலோமீட்டர் போனதும் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்வது.

இனி, ஓட்டையில் திரி செருகி அடைப்பது. ரோட்டில் பத்துக்கு எட்டு வண்டிக்கு நீ செய்யப்போவது இதைத்தான். ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதே. ஆணியே சில சமயம் தக்கை. காற்று மெல்லத்தான் கசிகிறது, பக்கத்தில் நல்ல கடை இருக்கிறது என்றால், காற்றை ஏற்றி ஆணியோடு மெதுவாகப் போகச் சொல்வதே சரியான வைத்தியம். காசு கிடைக்காது, அந்த ஆள் உன் நம்பரை எழுதி வைத்துக்கொள்வார்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம் போடு. கட்டிங் பிளேயரால் இழுக்கும்போது ஆணி எந்தச் சாய்வில் வருகிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அரம் போட்ட ஊசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். நேராகக் குத்தினால் இரண்டாவது ஓட்டையை நீயே போட்டவன் ஆவாய். ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. ஓட்டையைச் சொரசொரப்பாக்க இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் போதும். பல் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் கம்பி அறும். பிறகு திரியை ஊசிக் கண்ணில் கோத்து, சரிபாதியில் நிறுத்தி, சொல்யூஷன் தடவி அழுத்து. இரண்டு வாலும் விரல்நகம் அளவுக்கு வெளியே இருக்கும்போது நிறுத்து. ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டில் இழு. மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். உனக்கு முதல் மாதம் பூராவும் வந்தது. காற்றை அடித்து எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பார். ஒரு முட்டைகூட வரக்கூடாது. வாலை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டு, ஒட்ட வெட்டாதே. எத்தனை பவுண்டு என்பதை உன் வழக்கத்துக்கு வைக்காதே. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் படி.

இப்படி வைத்த திரி மாதக்கணக்கில் தாங்குவதும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் திரி அடைப்பது வெளிவாசலைத்தான். ஓரத்தில் இறங்குகிற ஈரம் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். டயரைக் கழற்றி, உட்புறம் பார்த்து, காளான் மாதிரித் தண்டும் குடையுமாக இருக்கிற பேட்ச்சை உள்ளிருந்து ஒட்டுவதுதான் முழு ரிப்பேர். ஆகவே திரி வைத்ததும் “முடிஞ்சுது சார், கவலையே இல்லை” என்று சொல்லாதே. “இதில் ஊர் போய்ச் சேருங்கள், எண்பதைத் தாண்டாதீர்கள், இந்த வாரமே கழற்றிப் பாருங்கள்” என்று சொல். நீ செய்கிற ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு தூரம் உண்டு. கை வேலை பாதி. அந்தத் தூரத்தை வாய்விட்டுச் சொல்வது மீதி. பில்லிலும் எழுதிக் கொடு.

திரி வைக்கக்கூடாத இடம் எது? பட்டன் இருக்கிற நடுப்பகுதியைத் தவிர மற்ற எல்லா இடமும். ஓரத் தோளிலும் கூடாது, பக்கச் சுவரில் கூடவே கூடாது. நடுப்பகுதியிலும் ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் விட்டுவிடு. பக்கச் சுவர் ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிற இடம். அங்கே எந்தத் திரியும் உட்காராது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிற கிழிந்த டயரைப் பற்றி நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய்; நான் பேச்சை மாற்றினேன். நிச்சயதார்த்தத்துக்குப் போகிற கூட்டம், வேன் நிறையப் பெண்களும் பிள்ளைகளும், ராத்திரி பதினொரு மணி. பின் சக்கரத்தில் பக்கச் சுவரில் கம்பி குத்தியிருந்தது. ஸ்டெப்னி ஏற்கெனவே பஞ்சர். “சேலம் வரைக்கும் தாங்கினால் போதும்ணே” என்றார் டிரைவர். இங்கிருந்து சேலம் 130 கிலோமீட்டருக்குக் குறையாது. முடியாது என்று சொல்ல வாய் வந்தது. பிள்ளைகள் தூங்கி வழிவதைப் பார்த்து இரக்கப்பட்டேன். இரண்டு திரி வைத்து அனுப்பினேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும் முன்பே வெடித்துவிட்டது. டிரைவர் கை பழுத்த கை. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓரத்தில் நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பும் வழியில் என் கடை முன்னால் வேனை நிறுத்தி, கிழிந்த டயரை இறக்கி வைத்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். “ஒரு டீ சொல்லுங்கண்ணே” என்றார். அவ்வளவுதான். இரக்கப்பட வேண்டியிருந்தால் அந்த ராத்திரியில் என் ஸ்கூட்டரை எடுத்துப் போய், வேறு சக்கரம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

டப்பாவில் வருகிற பஞ்சர் லிக்விட் பற்றி எனக்கு மரியாதை குறைவு, ஆனாலும் ராத்திரியில் தனியாக ஓட்டி வருகிற ஒரு பெண்ணுக்கு இருட்டில் இறங்கி ஜாக்கி போடுவதைவிட அதுவே மேல். வால்வ் வழியாக ஊற்றிக் காற்றை ஏற்றியதும் உடனே வண்டியை ஓட்ட வேண்டும். ஓடினால்தான் உள்ளே சுற்றிப் பரவி ஓட்டையைத் தேடிப் போகும். சில கிலோமீட்டரில் நிறுத்திக் காற்றை மறுபடி பார்க்க வேண்டும். டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், பார். வண்டி வாங்கிய நாளிலிருந்து திறக்காத டப்பா உள்ளே கட்டியாகியிருக்கலாம். லிக்விட் போட்ட டயர் பிறகு உன்னிடம் வந்தால், உட்புறத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது. கழுவுகிற கூலியையும் முன்பே சொல்லிவிடு, இல்லாவிட்டால் சண்டை.

பழைய பஜாஜ் சேத்தக்கில் ஸ்டெப்னி இருந்தது. இன்றைய ஸ்கூட்டர்களில் இல்லை. பெரும்பாலும் டியூப்லெஸ், திரி போதும். ஸ்போக்ஸ் வைத்த பைக் என்றால் பெரும்பாலும் டியூப். ரோட்டோரத்தில் டியூபை ஒட்டிக்கொண்டிருக்காதே. சொல்யூஷன் காயும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும், தூசி இல்லாத இடமும் வேண்டும். அதிகம் ஓடுகிற அளவுகளில் புது டியூப் நாலைந்து ஆட்டோவில் வைத்துக்கொள், மாற்றிவிட்டுப் பழையதைக் கையில் கொடு. மாற்றும் முன் டயரின் உள்ளே விரலால் தடவிப் பார். முள் அங்கேயே இருக்கும்.

லாரிக்குப் போகாதே. உன் ஆட்டோ கம்ப்ரசர் அதற்குப் போதாது என்பது இருக்கட்டும். வளையம் வைத்த பழைய ரிம்மில் காற்று ஏறும்போது லாக் ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொல்லும். கூண்டும் சங்கிலியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. கடை நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடு.

இன்னொன்று, சங்கடமான விஷயம். ஒரு ஆணிக்கு நாலு பஞ்சர் சொல்கிறவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். தடவிப் பார்க்கிற சாக்கில் ஊசியால் குத்துகிறவர்கள், ரோட்டில் ஆணி தூவுகிறவர்கள் என்றுகூடப் பேச்சு இருக்கிறது. அதனால் நீ குனிந்ததுமே வண்டிக்காரர் சந்தேகத்தோடு உன் கையைத்தான் பார்ப்பார். கோபப்படாதே. அவரையே கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொல். சோப்புத் தண்ணீரை அவர் கண்ணெதிரே ஊற்று, முட்டை எங்கே வருகிறது என்று அவரையே காட்டச் சொல். ஒரு திரிக்கு எவ்வளவு என்பதை ஊசியைத் தொடும் முன் சொல். பிடுங்கிய ஆணியைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வை. சிலர் அதை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அக்காவிடம் நான் நலம் என்று சொல். பொங்கலுக்கு வருகிறேன்.

கடைசியாக, போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட உள்ளே போனபோது உன் ஆட்டோ ஸ்டெப்னியில் கேஜ் வைத்துப் பார்த்தேன். 11 பவுண்டுதான் இருந்தது.

இப்படிக்கு,
உன் மாமன்