எதிராளியின் டெக் எது? மேஜிக் ஆட்டத்தில் ஒரு கணக்குப் பாடம்

மேஜிக் த கேதரிங் அரீனா விளையாடுபவர்கள் தொடர்ந்து தோற்றால், உடனே இன்னும் நல்ல கார்டுகளைத் தேடத் தொடங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கோல்ட் நிலைக்குள்ளேயே ஏறி இறங்கிக் கொண்டிருந்த நாட்களில், காசு கொடுத்து கார்டு பாக்கெட்டுகள் வாங்கினேன். டெக்கை மூன்று முறை மாற்றினேன். பயன் இல்லை. பிறகு தோற்ற ஆட்டங்களை ஒரு ஒர்க்ஷீட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். கார்டுகள் சரியாகத்தான் இருந்தன. அவற்றை யார் மீது பயன்படுத்துவது என்பதில்தான் தவறு செய்திருந்தேன்.

புதியவர்களுக்குச் சுருக்கமாக விளையாட்டைச் சொல்லி விடுகிறேன். ரிச்சர்ட் கார்பீல்ட் உருவாக்கி 1993ல் வெளிவந்த விளையாட்டு இது. அரீனா இதன் கம்ப்யூட்டர் வடிவம். இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 60 கார்டுகள் கொண்ட டெக், 20 உயிர்ப் புள்ளிகள், தொடக்கத்தில் கையில் 7 கார்டுகள். அடிப்படை லேண்ட் தவிர எந்தக் கார்டும் ஒரு டெக்கில் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. லேண்ட் கார்டுகள் மானா தரும். மானாவைச் செலவழித்து மற்ற கார்டுகளை இறக்க வேண்டும். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

டெக்குகளில் பல வகை உண்டு. சிறிய கிரீச்சர்களை வேகமாக இறக்கித் தாக்குவது அக்ரோ. எதிராளி செய்வதையெல்லாம் தடுத்து, ஆட்டத்தை நீட்டி, கடைசியில் பெரிய கார்டால் முடிப்பது கன்ட்ரோல். இரண்டுக்கும் நடுவில் நிற்பது மிட்ரேஞ்ச். "என்னுடையது அக்ரோ, ஆகவே நான் எப்போதும் தாக்க வேண்டும்" என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மைக்கேல் ஃபுளோரஸ் 1999ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசியது. எந்த ஆட்டத்திலும் ஒருவர் தாக்குபவர், மற்றவர் தடுப்பவர். இந்தப் பொறுப்பைத் தவறாக எடுத்துக் கொள்பவர் தோற்கிறார். ஆட்டம் நீண்டால் யார் ஜெயிப்பார் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் இல்லை என்றால், தாக்க வேண்டியவர் நீங்கள்.

லைட்னிங் ஸ்ட்ரைக் என்ற சிவப்புக் கார்டை எடுத்துக் கொள்வோம். இரண்டு மானா, 3 புள்ளி சேதம். கிரீச்சர் மீதும் விடலாம், நேராக எதிராளி மீதும் விடலாம். எதிராளியும் சிவப்பு அக்ரோ, அவர்தான் முதலில் ஆடுகிறார், முதல் முறையிலேயே 2 பலம் உள்ள கிரீச்சரை இறக்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது இரண்டாம் முறையிலிருந்து ஐந்தாம் முறை வரை தடையின்றித் தாக்கினால் எனக்கு 8 புள்ளி நஷ்டம். ஸ்ட்ரைக்கை அவர் மீது விட்டால் அவருக்கு 3 மட்டுமே. வேகத்தில் அவர் என்னை முந்திவிட்டார்; எனவே இங்கு நான் தடுப்பவன். கிரீச்சரைத்தான் கொல்ல வேண்டும். நான் பிடிவாதமாக எதிராளியையே அடித்துக் கொண்டிருந்தேன். (என் ஒர்க்ஷீட்டில் இந்த வகைத் தோல்விகள்தான் அதிகம்.)

இனி கன்ட்ரோல் டெக்கைப் பார்ப்போம். ராத் ஆஃப் காட் போன்ற கார்டு நான்கு மானாவில் களத்தில் உள்ள எல்லாக் கிரீச்சர்களையும் அழித்துவிடும். எதிராளி அதில் நான்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நான் முதலில் ஆடியிருந்தால், அவருடைய நான்காவது முறையில் அவர் 11 கார்டுகளைப் பார்த்திருப்பார். அவற்றில் ஒன்றாவது ராத் ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

எக்ஸெல் தொகுப்பில் இன்சர்ட் பங்க்ஷன் மூலம் ஹைப்ஜியாம்டிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் புள்ளி இல்லாத பழைய பங்க்ஷன் இது. லிப்ரே ஆபீஸிலும் உண்டு. நான்கு கட்டங்களில் முறையே 0, 11, 4, 60 என்று கொடுத்து ஓகே கிளிக் செய்திடவும். 0.4345 என்று விடை வரும். இது ஒரு ராத் கூட வராமல் இருக்க வாய்ப்பு. 1லிருந்து கழித்தால் 0.5655, அதாவது 56.6 சதவீதம். பாதிக்கு மேல்!

இப்போது என்னுடைய நான்காவது முறை. களத்தில் மூன்று கிரீச்சர்கள், மொத்த பலம் 7. எதிராளியிடம் தடுக்க எதுவும் இல்லை. என் கையில் 2 பலம் உள்ள கிரீச்சர் ஒன்று மீதம். அதையும் இறக்கலாமா? புதிதாக இறக்கியது பொதுவாக அடுத்த முறைதான் தாக்கும். அவரிடம் 14 புள்ளிகள் இருந்தால் இப்போது 7, அடுத்து 7, ஆட்டம் முடிந்தது. நான்காவது கிரீச்சர் எதையும் மாற்றாது; கையிலேயே இருக்கட்டும். அவரிடம் 16 இருந்தால்தான் கேள்வி. இறக்கினால் 7, 9 என்று அடுத்த முறையே முடியும். இறக்காவிட்டால் 2 மிஞ்சும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பில் ராத் வந்து நான்கும் போகும், கை காலி. நான் வைத்துக் கொள்வேன். அந்த மீதிக் கார்டு கிரீச்சராக இல்லாமல் ஸ்ட்ரைக்காக இருந்தால், மிஞ்சும் 2 புள்ளிகளை அதுவே தீர்த்துவிடும். சிவப்பு டெக்கை எதிர்கொள்ளும்போது கிரீச்சர் மீது விட்ட அதே கார்டை, இங்கு எதிராளிக்காகச் சேமித்து வைக்கிறோம்.

முதல் கையையும் இதே பங்க்ஷன் மூலம் பார்க்கலாம். 24 லேண்ட் உள்ள 60 கார்டு டெக்கில், 7 கார்டுகளில் ஒரு லேண்டோ அல்லது எதுவுமோ இல்லாமல் வர 14.3 சதவீத வாய்ப்பு. ஏழு ஆட்டத்துக்கு ஒன்று! அதைத் திருப்பித் தரத் தயங்க வேண்டாம். 2019 முதல் உள்ள விதிப்படி மீண்டும் 7 எடுத்து, ஒன்றை மட்டும் டெக்கின் அடியில் வைத்தால் போதும். ஒரே ஆட்டப் போட்டிகளில் அரீனா முதல் கையைச் சற்றுச் சீர்செய்து தருகிறது. இந்தக் கணக்கு மூன்று ஆட்டப் போட்டிகளுக்கே பொருந்தும்.

உங்கள் ஆட்டங்களையும் ஒர்க்ஷீட்டில் குறித்து வாருங்கள்: எதிராளியின் டெக் வகை, யார் முதலில் ஆடினார், வெற்றியா தோல்வியா, ஸ்ட்ரைக் போன்ற கார்டு யார் மீது போனது. பத்து ஆட்டம் முடிந்ததும் டெக்கை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலும் பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் வெற்றி கிடைக்க 37.7 சதவீத வாய்ப்பு உண்டு. நான் ஒவ்வொரு டெக் வகைக்கும் ஐம்பது ஆட்டம் சேரும் வரை காத்திருக்கிறேன். கன்ட்ரோல் வரிசையில் இன்னும் பன்னிரண்டு பாக்கி.