சாவி முதலாளி கையில் இருக்கட்டும்

திருப்பூரில் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் போகும் இடங்களில் ஐ.டி. பிரிவு என்று தனியாக ஒன்று இருக்காது. நிட்டிங் யூனிட், காம்பேக்டிங், எம்பிராய்டரி, பத்துப் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் வீடு, நூல் வியாபாரி. இவர்களிடம் இரண்டு மூன்று கம்ப்யூட்டர், அக்கவுண்ட்ஸ் பார்க்க ஒரு பெண், வெளியில் ஒரு ஆடிட்டர் இருப்பார்கள், அவ்வளவுதான். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது பில் புக்கை எடுத்து வைத்துவிட்டு முதன்முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இவர்களில் நிறையப் பேர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸும் கட்டாயமாகிவிட்டது. சிஸ்டம் நின்றால் பில் இல்லை, பில் இல்லையென்றால் சரக்கு வண்டியேறாது. அந்தப் பொறுப்பில்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

1. முதல் நாள் கீபோர்டில் கை வைக்காதீர்கள். வேலை எப்படி ஓடுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். துணி ரோல் எந்தச் சலானோடு உள்ளே வருகிறது, எடை போடுவது யார், நோட்டில் எழுதுவது யார், சிஸ்டத்தில் ஏற்றுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். “சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குது தம்பி” என்று முதலாளி சொல்வார். எப்போது ஸ்லோ என்று அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணிடம் கேளுங்கள். “சாயங்காலம் இ-வே பில் போடுறப்பதாங்க. அந்நேரம்தான் ஐயா வீட்ல இருந்து கேமரா பார்ப்பாருங்க” என்பார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த ஆபீஸின் நிலவரம் முதலாளியைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரை மரியாதையாக நடத்தத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

2. நம் ஊரில் மெஷின் படுத்துக்கொள்வதற்கு, நான் பார்த்தவரை, வைரஸைவிடப் பஞ்சு பெரிய காரணம். நிட்டிங் ஹாலை ஒட்டிய ஆபீஸில் ஒரு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பிராசஸர் மேலிருக்கும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று உள்ளே போகாது. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் மெஷினை அணைத்துவிடும். இதை வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் போட்டுக் காசு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுபோய், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாக வையுங்கள். திரும்ப வைக்கும்போது தரையில் வைக்காமல் மேஜைக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

3. கரண்ட்டைப் பார்க்காமல் மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள். மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

4. பேக்கப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கம்பெனி நின்றுபோவதும் தப்பிப்பதும் இதில்தான் இருக்கிறது. யார் யார் எவ்வளவு தர வேண்டும், எந்தப் பார்ட்டிக்கு எத்தனை கிலோ துணி பாக்கி என்பதெல்லாம் இன்று டேலி ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும்.

“பேக்கப் எடுக்கறோமுங்க, டி டிரைவ்ல இருக்குது” என்பார்கள். ஒரே ஹார்டு டிஸ்க்கில் சி-யும் டி-யும் இருந்தால் அது பேக்கப் ஆகாது என்று டிஸ்க்கைக் கழற்றிக் காட்டியே சொல்லுங்கள். மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கவும் விடாதீர்கள். ரேன்சம்வேர் உள்ளே வந்தால் செருகியிருக்கிற டிஸ்க், ஷேர் போட்ட ஃபோல்டர் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை உலகமெங்கும் பரவியது நினைவிருக்கும். அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். சின்ன ஆபீஸ்களில் இன்னொரு பெரிய வாசலும் திறந்திருக்கிறது. வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டதும், யாரோ ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்திருப்பார்கள். அதை அன்றே மூடிவிட்டு விபிஎன் வழியாகக் கொடுங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, அக்கவுண்ட்ஸ் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேற்றைய கடைசி பில் நம்பரையும் ஒரு பெரிய பார்ட்டியின் பாக்கியையும் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். அவர் “சரியா இருக்குதுங்க” என்று சொன்ன பிறகுதான் உங்கள் நோட்டில் டிக் அடிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உங்கள் கஸ்டமர் பிழைத்துக்கொள்வார்.

5. எந்தப் பாஸ்வேர்டும் உங்களுடையது அல்ல. கம்பெனியின் டொமைன் உங்கள் மெயில் ஐடியில் பதிவாகியிருக்கக் கூடாது. மெயில் அட்மின், ரவுட்டர், கேமரா டிவிஆர், கிளவுட் கணக்கு எல்லாம் முதலாளி பெயரில், முதலாளி போன் நம்பரில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். டேலி வால்ட் பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்த டேட்டாவைத் திறக்க வழியே இல்லை. அதை எழுதி வைக்காமல் போடவே போடாதீர்கள். டிஎஸ்சி டோக்கனை கம்ப்யூட்டரிலேயே செருகி, பின் நம்பரை மானிட்டரில் ஒட்டி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் விழும் கையெழுத்து முதலாளி பேனாவால் போட்டதற்குச் சட்டப்படி சமம். உடனே எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

பாஸ்வேர்டைப் பிடித்துவைத்துக்கொண்டால் கஸ்டமர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று இந்தத் தொழிலில் சிலர் நினைக்கிறார்கள். அது மிரட்டிப் பிழைப்பது. உழைப்பைப் பார்த்து நம்மைக் கூப்பிட வேண்டும். பயந்து கூப்பிடக் கூடாது.

6. கிராக் சாஃப்ட்வேர் போட்டுத் தராதீர்கள். கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் வேண்டாம். கிராக் ஓட ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், திருட்டு அந்த வழியாகவே உள்ளே வரும். பணம் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

7. ஏற்றுமதி செய்பவர்களிடம் வேலை கிடைத்தால் மெயிலைத்தான் முதலில் காக்க வேண்டும். திருட்டு நடப்பது இப்படி. போலி லாகின் பக்கம் ஒன்றில் யாரோ பாஸ்வேர்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே வந்தவன் எதையும் அழிக்க மாட்டான். ‘பேமென்ட்’, ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மெயில்கள் தனக்கும் ஒரு பிரதி வருமாறு ஒரு ரூல் போட்டுவிட்டுக் காத்திருப்பான். கன்டெய்னர் கிளம்பி, பையர் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில், “எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று பையருக்கு ஒரு மெயில் போகும். அனுப்புபவர் முகவரியில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. சரக்கு கடலில் போய்க்கொண்டிருக்கும், பணம் வேறு யாருக்கோ போய்விடும். மூன்று தலைமுறையாகச் சேர்த்த பெயர் ஒரு மெயிலில் தகராறாகும்.

ஆகவே எல்லா மெயில் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். மாதாமாதம் ஃபார்வர்டு ரூல்களைத் திறந்து பாருங்கள். டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வையுங்கள். ஆனால் எழுத்து மாற்றிய போலி டொமைனை இவை தடுக்காது. அதற்கு ஒரே மருந்து போன்தான். வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் யாரும் பணம் அனுப்பக் கூடாது என்று பையருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நடந்துவிட்டால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை: உடனே இரண்டு பக்க வங்கிக்கும் சொல்லிப் பணத்தை நிறுத்தப் பார்க்க வேண்டும், 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

8. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. அந்தத் தேதிகளை ஒட்டி எந்த மெஷினிலும் அப்டேட், வெர்ஷன் மாற்றம், இடமாற்றம் எதுவும் வேண்டாம். மார்ச் கடைசி வாரமும் தீபாவளி போனஸ் வாரமும் அப்படித்தான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. மாற்ற வேண்டிய மெஷின்களைப் பட்டியல் போட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

9. அவருக்குத் தேவையில்லாததை விற்காதீர்கள். மூன்று பேர் வேலை செய்யும் ஆபீஸுக்கு ரேக் சர்வர் எதற்கு? பழைய மெஷினில் எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டினாலே இன்னும் சில வருடம் ஓடும் என்றால் அதைச் சொல்லுங்கள். கடைக்காரர் உங்களுக்குக் கமிஷன் தருவதாக இருந்தால் அதை முதலாளியிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். சொல்ல முடியாத கமிஷன் வேண்டாம்.

10. கூலியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். போனில் சொல்லிக்கொடுத்ததும் வேலைதான். ஏஎம்சி போட்டால் எது அடங்கும், எது அடங்காது, எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சில கம்பெனிகளில் ஆர்டர் இல்லாத மாதங்கள் வரும். அப்போது நாள் கொடுங்கள், தள்ளுபடி கொடுக்க வேண்டியதில்லை.

11. ஒருநாள் அவர் வேறு ஆளை வைத்துக்கொள்வார். காரணம் கேட்டு மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். புதிதாக வரும் பையனோடு அரை நாள் உட்கார்ந்து நெட்வொர்க் வரைபடம், லைசென்ஸ் பில்கள், பேக்கப் நோட்டு எல்லாவற்றையும் கொடுங்கள். பிறகு முதலாளி கண்முன்னால் ரவுட்டரிலும் மெயிலிலும் உங்கள் லாகினை நீக்கி, ரிமோட் சாஃப்ட்வேரில் போட்டிருந்த நிரந்தரப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, பீரோ நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அவரையே புதிதாகப் போடச் சொல்லுங்கள்.