பாடம்: ஊர் மாறினாலும் புற்றுநோய் வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்

வன்னியிலிருந்தோ தமிழ்நாட்டு முகாமிலிருந்தோ பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களுக்குத் திரும்பும் உங்களுக்கு வீடு, பதிவு, பிள்ளைகளின் பாடசாலை என்று பல வேலைகள் இருக்கும். குடும்பத்தில் ஒருவர் புற்றுநோய்க்கு வைத்தியம் பெறுபவராயின், அதை முதலில் கவனியுங்கள். மருந்து ஏற்றுவதற்கும் கதிர்வீச்சுக்கும் நாள் கணக்கு உண்டு. "உடம்பு தேறிவிட்டது, பிறகு பார்ப்போம்" என்று இடையில் விட்டால் நோய் மீண்டும் வளரக்கூடும்.

புறப்படுமுன் கேட்டு வாங்குங்கள்

தெல்லிப்பழை, மஹரகம, சென்னை என எங்கு வைத்தியம் பார்த்திருந்தாலும் இவை தேவை:

1. நோய் நிர்ணய அட்டை, கிளினிக் புத்தகம்.
2. சதைப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள்.
3. ஏற்றிய மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை தடவை என்ற விபரம்.
4. கதிர்வீச்சு கொடுத்த இடம், அளவு. உடம்பின் ஒரே இடத்துக்குக் கொடுக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. இந்த விபரம் இருந்தால்தான் புதிய வைத்தியர் சரியாகத் தீர்மானிக்க முடியும்.

வந்தவுடன் பதியுங்கள்

பதுளை பெரிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் கடிதம் பெற்று அங்கே செல்லுங்கள். தேவைப்பட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிங்களத்தில் சொல்வது விளங்காவிட்டால், தமிழ் தெரிந்தவரை அழைக்கும்படி கேளுங்கள். விளங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

செலவு

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். தோட்டத்தில் பேர் பதியாதவருக்கும் இது பொருந்தும். ஆனால் பஸ் காசு, சாப்பாடு, இழக்கும் நாட்சம்பளம் உங்கள் கையிலிருந்தே போகும். சில வேளை மருந்தை வெளியில் வாங்கச் சொல்லலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் பலர் அப்படி அலைந்தார்கள். நகையை அடகு வைக்குமுன் வேறு வழி உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, நோயாளர் உதவிப் பணம், ஜனாதிபதி நிதியம் பற்றி விசாரியுங்கள்.

நோய் இல்லாதவர்களும் கவனிக்க

வெற்றிலையோடு புகையிலை போடுபவர் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தால் உடனே காட்டுங்கள். 35 வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படுகிறது. இடம்பெயர்வில் உங்கள் மகளுக்குத் தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

இன்றே செய்யுங்கள்

மேலே சொன்ன தாள்களுக்கெல்லாம் பிரதி எடுத்து, மழையில் நனையாத ஒரு பையில் போடுங்கள். அடுத்த கிளினிக் திகதியை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.