பரணில் எதைப் பரப்புவது?

நாகலூர்ப் பக்கம் ஓட்டுக்கூரையும் பலகைப் பரணும் உள்ள பழைய வீடுகளில், அறையின் சூடு மேலே ஏறிப் பலகை இடுக்குகள் வழியே வெளியேறிவிடுகிறது. அதைத் தடுக்கப் பரண் தளத்தில் எதைப் பரப்புவது என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது விலையையும் தடிமனையும். சேர்வராயன் மலையில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஈரம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி ஓடுகளுக்கு இடையே தாராளமாக நுழையும். காப்புப் பொருள் குளிரைத் தடுப்பது தனக்குள் அடைபட்ட காற்றால்தான். அந்த இடத்தில் நீர் புகுந்தால் பயன் போய்விடும், பலகையும் உளுத்துப்போகும். ஆகவே, உடைந்த ஓட்டை மாற்றிய பிறகே மற்ற வேலை.

தெர்மோகோல் நனையாதே, மலிவாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும். பிவிசி ஒயர் மீது பட்டுக்கொண்டே இருந்தால் ஒயரின் உறை நாளடைவில் கெட்டுப்போகும். பழைய ஒயரிங் ஓடும் பரணில் இது பெரிய ஆபத்து. உமி இன்னும் மலிவு, எனினும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், எலிக்கும் இடம் கொடுக்கும். செலவு கூடினாலும் ராக்வூல் பலகையே என் தேர்வு: எரியாது, நீராவி தங்காமல் வெளியேறும். 100 மில்லிமீட்டர் தடிமன் இங்குள்ள குளிருக்குப் போதும். மேலே பாலித்தீன் விரித்து மூடாதீர்கள். கூரையோரக் காற்றுவழியை அடைக்காதீர்கள். பரப்பும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரிங்கைச் சோதித்துவிடுங்கள்.